நர்ஸுக்குச் சம்பளம் ரெடி... வீடு எங்கே? ஸ்காட்லாந்து தீவுகளின் நூறாண்டுக் கவலை!

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் பாரா என்றொரு தீவு இருக்கிறது. மக்கள்தொகை 1,200 சொச்சம். கிளாஸ்கோ நகரிலிருந்து இங்கே விமானம் உண்டு; ஓடுபாதைதான் கிடையாது. கடல் உள்வாங்கியதும் வெளியே தெரியும் ஈர மணலில் விமானம் இறங்கும். தண்ணீர் ஏறிவிட்டால் விமான நிலையமே கடலுக்குள் போய்விடும். அதனால், கடல் உள்வாங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் டைம்டேபிளே போடுகிறார்கள். வழக்கமான பயணிகள் விமானம் இப்படி இறங்கும் ஒரே இடம் உலகத்தில் இதுதான்.

சுற்றுலாப் பயணிகளுக்கு இது ரீல்ஸ் எடுக்கத் தோதான அதிசயம். அங்கே ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. பாராவின் காசில்பே ஊரில் செயின்ட் பிரெண்டன்ஸ் என்ற சின்ன மருத்துவமனை இருக்கிறது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய படுக்கைகள். மேற்குத் தீவுகளின் மிகப் பெரிய அரசு மருத்துவமனை, லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே நகரத்தில் உள்ளது. பாராவிலிருந்து சாலை வழியாக அங்கே போக வேண்டும் என்றால் நடுவில் இரண்டு முறை கப்பல் ஏற வேண்டும். ஸ்காட்லாந்தின் பெருநிலப்பரப்புக்குப் போக, ஓபன் துறைமுகத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரக் கப்பல் பயணம்.

இப்படிப்பட்ட ஊர்களில் வேலை பார்க்க நர்ஸ்களைத் தேடுவது ஸ்காட்லாந்தில் பல காலமாகத் தீராத பிரச்னை. பாரா மட்டுமல்ல, லூயிஸ், ஹாரிஸ், யுஸ்ட் எல்லாம் அடங்கிய மேற்குத் தீவுகள், வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து என எல்லாப் பக்கமும் இதே கதைதான். இவர்களிடம் அரசு வேலை இருக்கிறது, நிலையான சம்பளம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. காற்றும் தண்ணீரும் சுத்தம். பிறகு ஏன் ஆள் கிடைக்கவில்லை?

168 மணி நேரக் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஸ்காட்லாந்து அரசு மருத்துவமனைகளில் 2024 ஏப்ரலில் ஒரு முழுநேர நர்ஸின் வேலை நேரம் வாரத்துக்கு 37 மணி என்று ஆனது. அப்படியென்றால், ஒரு வார்டில் இரவு பகலாக ஒரே ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்றாலும் நான்கரை பேர் தேவை. இதோடு வருட லீவு, உடம்புக்கு முடியாத நாள்கள், பயிற்சி நாள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 22.5 சதவிகிதம் கூட்டிக்கொள்வது அங்குள்ள நடைமுறை. கூட்டினால் ஐந்தரை பேர்.

நடுராத்திரியில் ஒரே ஒரு நர்ஸை வைத்து ஒரு மருத்துவமனையை விட்டுவிட முடியாது. ஒருவர் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது இன்னொருவர் பிடிக்க வேண்டும். ஒருவர் மாரடைப்பு வந்தவரின் நெஞ்சை அழுத்தும்போது இன்னொருவர் போன் செய்ய வேண்டும். எப்போதும் இரண்டு பேர் என்றால், மொத்தம் 11 பேர் வேண்டும். படுக்கை மூன்றாக இருந்தாலும் சரி, பதிமூன்றாக இருந்தாலும் சரி, இந்த 11 குறையாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆயிரம் நர்ஸ்கள் வேலை செய்யும் நகரத்து மருத்துவமனையில் இரண்டு பேர் ராஜினாமா செய்தால் வெளியே யாருக்கும் தெரியாது. 11 பேர் உள்ள இடத்தில் இரண்டு பேர் போனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலி. ஒருவர் பிரசவ விடுப்பில் போய், இன்னொருவர் ஓய்வு பெற்றாலே ஷிஃப்ட் அட்டவணை கிழிந்துவிடும். மிச்சம் இருப்பவர்கள் ஓவர்டைம் பார்ப்பார்கள். களைத்துப்போய் அவர்களில் ஒருவரும் கிளம்புவார். போதுமான ஊழியர்கள் இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் சட்டமே இருக்கிறது. 2019-ல் நிறைவேறி, 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சட்டம் சொல்லிவிட்டது. ஆள் வந்து இறங்க வேண்டுமே!

ஒரே ஆள், எல்லா வார்டும்

நகரத்தில் ஒரு நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தால் இதய வார்டு, குழந்தைகள் வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று ஏதோ ஒரு பிரிவில் இருப்பார். பத்து ஆண்டுகளில் அதில் கைதேர்ந்துவிடுவார். சின்னத் தீவு மருத்துவமனையில் பிரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் முதியவர் ஒருவருக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவார். மதியம், படகில் கை சிக்கிக்கொண்ட மீனவர் வருவார். மாலையில் மூச்சுத்திணறலோடு ஒரு குழந்தை. இரவில், கடைசி நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் புற்றுநோயாளியின் பக்கத்தில் உட்கார வேண்டும். எல்லாம் ஒரே நர்ஸ்.

கைமீறிப் போகும் கேஸை நகரத்துக்கு அனுப்ப ஹெலிகாப்டரும் ஆம்புலன்ஸ் விமானமும் உண்டு. அவசர சிகிச்சை டாக்டர்கள் குழு பறந்து வந்து நோயாளியை அழைத்துப் போகும் ஏற்பாடும் 2004 முதல் இருக்கிறது. வீடியோ காலில் நிபுணர்களிடம் பேசலாம். ஆனால், அட்லாண்டிக் கடலில் புயல் சுழன்றடிக்கும் ஜனவரி இரவில் எந்த விமானமும் எழும்பாது. வானிலை தெளியும்வரை நோயாளியின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது தீவில் இருக்கும் டாக்டரும் நர்ஸும்தான்.

இதனால்தான் புதிதாகப் படித்து முடித்தவர்கள் தயங்குகிறார்கள். 'தெரியாததைக் கேட்க பக்கத்தில் சீனியர் இல்லையே' என்ற பயம். அனுபவசாலிகளுக்கு வேறு பயம். 'இங்கே ஒரு பிரச்னை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, கற்ற கைவேலை மறந்துவிடுமே' என்று. பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்களுக்கு இந்தக் கவலை அதிகம். சிக்கல் வரலாம் என்று தெரிந்த கர்ப்பிணிகளை முன்கூட்டியே பெரிய ஊருக்கு அனுப்பிவிடுவதால், தீவில் பிறக்கும் குழந்தைகளே குறைவு.

வேலை இருக்கு... வாடகைக்கு வீடு இல்லை!

சரி, பயத்தையெல்லாம் தாண்டி ஒருவர் வரச் சம்மதிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நேர்முகத் தேர்வில் பாஸ். வேலை உத்தரவும் வந்துவிட்டது. அடுத்த கேள்வி, எங்கே தங்குவது?

பல தீவு நியமனங்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அழகான தீவு என்பதால் பெருநகரத்துக்காரர்கள் அங்கே இரண்டாவது வீடு வாங்கிப் போடுகிறார்கள். மிச்ச வீடுகள் கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வார வாடகைக்குப் போகின்றன. ஒரு வாரத்துக்கு விட்டாலே நல்ல காசு வரும்போது, வருடம் முழுக்க நர்ஸுக்கு ஏன் வாடகைக்கு விட வேண்டும்? டைரீ என்ற தீவில் பாதிக்குச் சற்றே குறைவான வீடுகள் இப்படி நிரந்தரமாக யாரும் குடியிருக்காத வீடுகள். குளிர்காலத்தில் விளக்கு எரியாத வீடுகள் வரிசையாக நிற்கும். வேலைக்கு வந்தவர் தங்க ஓர் அறை தேடி அலைவார்.

புதிதாகக் கட்டலாமே என்றால், சிமென்ட் முதல் ஜன்னல் கண்ணாடிவரை கப்பலில் வர வேண்டும். கொத்தனாரும் கப்பலில்தான் வர வேண்டும். அவர் தங்கவும் வீடு வேண்டும்! நகரத்தைவிடத் தீவில் வீடு கட்டும் செலவு மிக அதிகம் என்பதற்கு இதுதான் காரணம். டாக்டர், நர்ஸ், ஆசிரியர் போன்றவர்களுக்குக் கிராமங்களிலும் தீவுகளிலும் வீடு வாங்கிக் கொடுக்க என்றே 2023-ல் ஸ்காட்லாந்து அரசு 2.5 கோடி பவுண்டு நிதியை அறிவித்தது. நோய் எங்கே இருக்கிறது என்று அரசுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

வீடு கிடைத்தாலும் கேள்விகள் முடிவதில்லை. நர்ஸ் தனியாக வருவதில்லை, குடும்பமாக வருகிறார். கணவருக்கோ மனைவிக்கோ அந்தத் தீவில் வேலை உண்டா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள கிரெச் இருக்கிறதா? இரவு ஷிஃப்ட் முடியும்வரை பிள்ளை யாரிடம் இருக்கும்? நகரத்தில் பாட்டி இருப்பார், தோழி இருப்பார். தீவுக்குப் புதிதாக வந்தவருக்கு யார் இருக்கிறார்கள்?

கப்பல் வந்தால்தான் லீவு

தீவு வாழ்க்கையின் நாடி, கப்பல். காய்கறியும் கப்பலில்தான், கூரியரும் கப்பலில்தான், அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவதும் கப்பலில்தான். மேற்குக் கடலில் ஓடும் அரசுக் கப்பல்களில் பல, வயதானவை. அடிக்கடி பழுதாகும். காற்று பலமாக அடித்தால் ரத்து.

புதிய கப்பல் கதை இன்னும் சோகம். ஆரன் தீவுக்காக 'கிளென் சானாக்ஸ்' என்ற கப்பலுக்கு 2015-ல் ஆர்டர் கொடுத்தார்கள். 2018-ல் ஓட வேண்டியது. பயணிகளோடு அது முதன்முதலில் கிளம்பியது 2025 ஜனவரியில்! இந்த ஏழு வருடத் தாமதம் பிரிட்டன் அரசியலில் பெரிய சர்ச்சை. தீவில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸுக்கு அது அரசியலைவிடப் பெரிய விஷயம். நான்கு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனவர் ஐந்தாம் நாள் திரும்ப முடியாமல் துறைமுகத்தில் நிற்பார். அங்கே அவருக்குப் பதிலாக இன்னொருவர் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊருக்கே தெரிந்த முகம்

இன்னொரு விஷயம், எந்த விளம்பரத்திலும் எழுத முடியாதது. சின்ன ஊரில் நர்ஸுக்குத் தனி வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. கடையில் பால் வாங்க நின்றால், பக்கத்தில் நிற்பவர் தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பார். 'பக்கத்து வீட்டு அண்ணனுக்கு என்னாச்சு, ஹெலிகாப்டர் வந்ததாமே?' என்று விசாரிப்பார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மருத்துவ ரகசியம் போச்சு. சொல்லாமல் நகர்ந்தால் திமிர் பிடித்தவர் என்ற பேர். தீவில் பிறந்து வளர்ந்த நர்ஸுக்கு இன்னும் கஷ்டம். ஸ்ட்ரெச்சரில் வருபவர் சித்தப்பாவாகவோ பள்ளித் தோழியாகவோ இருப்பார்.

அதேசமயம், இதே நெருக்கம்தான் பலரைக் கட்டிப்போட்டும் வைத்திருக்கிறது. நோயாளியின் பெயர், வீடு, நாய்க்குட்டி வரை தெரிந்து வைத்திருக்கும் நர்ஸ், நகரத்து வார்டில் கிடைக்க மாட்டார். மேற்குத் தீவுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓரளவாவது கேலிக் மொழி தெரியும். மறதிநோய் வந்த முதியவர்கள் பலர் ஆங்கிலத்தை மறந்து, சிறுவயதில் பேசிய கேலிக்குக்கே திரும்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மொழியில் 'தண்ணீர் வேண்டுமா?' என்று கேட்கும் ஒரு குரல், மருந்துக்குச் சமம். ஒப்பந்தத்தில் இரண்டு வாரத்துக்கு வந்து போகிற ஏஜென்சி நர்ஸால் அதைத் தர முடியாது.

1912-லேயே சொன்னார்கள்

இதெல்லாம் இப்போது முளைத்த பிரச்னை என்று நினைத்துவிட வேண்டாம். 1911-ல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தம் செய்து மருத்துவம் கொடுக்கும் திட்டம். தீவுகளிலும் மலைநாட்டிலும் இருந்தவர்களோ சின்ன நிலத்தில் பயிர் செய்து, மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். சம்பளமே இல்லாதவர்களிடம் எதைப் பிடிப்பது? திட்டம் அவர்களைத் தொடவே இல்லை.

அதனால் 1912-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், சர் ஜான் டியூவர். ஆமாம், 'டியூவர்ஸ்' விஸ்கிக் குடும்பத்துக்காரர்தான். இன்வர்னெஸ் பகுதியின் எம்.பி-யாகவும் இருந்தார். கமிட்டி தீவு தீவாகப் போய் டாக்டர்கள், நர்ஸ்கள், பாதிரியார்கள், விவசாயிகள் எனப் பலரிடமும் சாட்சியம் கேட்டது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அறிக்கை தயார். டாக்டருக்கும் நர்ஸுக்கும் வருமானம் போதவில்லை, தங்க ஒழுங்கான வீடு இல்லை, நோயாளியிடம் போய்ச் சேரும் பயணச் செலவே கட்டுப்படியாகவில்லை, தந்தி வசதி இல்லை என்று அது அடுக்கியது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பட்டியலில் தந்தி என்ற இடத்தில் இன்டர்நெட் என்று மாற்றினால், இன்றைக்கும் பொருந்தும்.

அறிக்கையைப் பரணில் போடவில்லை என்பதுதான் ஆச்சர்யம். 1913-லேயே ஆண்டுக்கு 42,000 பவுண்டு அரசு மானியத்தில் 'மலைநாடு, தீவுகள் மருத்துவ சேவை' தொடங்கியது. டாக்டருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி. நோயாளி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒரே கட்டணம். நர்ஸ்களுக்கு மானியம், வீடு, போக்குவரத்து. 1929 வாக்கில் 160 டாக்டர்களும் 175 நர்ஸ்களும் இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். 1948-ல் பிரிட்டன் முழுமைக்கும் என்.ஹெச்.எஸ் என்ற இலவச மருத்துவ சேவை வந்ததே, அதற்கு 35 ஆண்டுகள் முன்னோடி இந்தத் தீவுத் திட்டம்.

1933 மே மாதம் ஐலா தீவிலிருந்து உடல்நிலை மோசமான மீனவர் ஒருவரை கிளாஸ்கோவுக்கு விமானத்தில் கொண்டுபோனதுதான் ஸ்காட்லாந்தின் முதல் ஆம்புலன்ஸ் விமானப் பயணம். பிறகு நகரத்து நர்ஸ்கள் தாங்களாக முன்வந்து இந்த விமானங்களில் பறந்தார்கள். 1957 செப்டம்பர் 28 அன்று, நோயாளியை அழைத்துவர ஐலா தீவுக்குப் போன விமானம் மோசமான வானிலையில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த மூவரும் இறந்தனர். அவர்களில் ஒருவர் நர்ஸ் ஜீன் கென்னடி. தீவுகளுக்கு மருத்துவம் போய்ச் சேர, இப்படியும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு தீவே காலியான கதை

நர்ஸ் இருந்தால் மட்டும் போதுமா? அதற்கும் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. மேற்குத் தீவுகளுக்கும் மேற்கே, கடலில் தன்னந்தனியாக நிற்கிறது செயின்ட் கில்டா. 19-ம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல், பிறந்த சில நாள்களிலேயே டெட்டனஸ் நோயில் இறந்தன. 1890-களில் ஆங்கஸ் ஃபிட்ஸ் என்ற பாதிரியார், கிருமி அண்டாமல் தொப்புள்கொடியைக் கையாளும் முறையைக் கற்றுவந்து புகுத்திய பிறகுதான் அந்தச் சாவுகள் நின்றன.

பிறகு அரசு அங்கே நர்ஸை அமர்த்தியது. கடைசியாக இருந்தவர் வில்லியமினா பார்க்லே. ஆனால், இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1920 வாக்கில் 70 பேருக்கு மேல் இருந்த தீவில், பத்தாண்டுகளில் பாதிதான் மிச்சம். படகு தள்ளக்கூட ஆள் இல்லை. 1930-ல் மேரி கில்லீஸ் என்ற இளம்பெண் சிகிச்சைக்காகத் தீவைவிட்டுப் போய் இறந்தார். அவருக்கு நேர்ந்தது மிச்சமிருந்தவர்களை உலுக்கியது. 'எங்களை வெளியேற்றுங்கள்' என்று அரசுக்கு மனு எழுதினார்கள். வெளியேறுவதே நல்லது என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், அந்த நர்ஸ்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று 36 பேரும் கப்பலேறினார்கள். அதோடு அந்தத் தீவின் ஊர் வாழ்க்கை முடிந்தது.

நர்ஸ் இல்லாத ஊரில் மக்கள் இருக்கப் பயப்படுவார்கள். மக்கள் இல்லாத ஊருக்கு நர்ஸ் வர மாட்டார். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது என்பதுதான் செயின்ட் கில்டா சொல்லும் பாடம்.

பணம் கொடுத்துப் பார்த்தார்கள்

இன்றைக்கு என்ன செய்கிறார்கள்? முதல் வழி, பணம். 2024 தொடக்கத்தில் யுஸ்ட், பென்பெகுலா தீவுகளுக்கு டாக்டர் தேடி 1,50,000 பவுண்டு வரை சம்பளம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. நர்ஸ்களுக்கு இப்படி நினைத்த தொகையைக் கொடுத்துவிட முடியாது. அவர்களுக்கு நாடு முழுக்க ஒரே சம்பள அட்டவணை. தூரத்துத் தீவுகளில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் ஒரு படி உண்டு. விலைவாசியும் பயணச் செலவும் அதை விழுங்கிவிடும்.

இரண்டாவது வழி, ஏஜென்சி மூலம் தற்காலிக நர்ஸ்கள். சம்பளம், விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் நிரந்தர நர்ஸைவிடப் பல மடங்கு செலவு. அவசரத்துக்கு உதவும். ஆனால், ஒவ்வொரு முறையும் புதியவருக்கு மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் வந்தது. தீவுகளில் குடியேறவோ, அங்கேயே தங்கவோ சம்மதிக்கும் குடும்பங்களுக்கு 50,000 பவுண்டு வரை கொடுக்கலாம் என்று 2021-ல் ஸ்காட்லாந்து அரசு சொன்னது. கேட்டதும் எல்லோரும் துள்ளிக் குதித்திருப்பார்கள் என்றுதானே தோன்றும்? தீவு மக்களிடம் கருத்துக் கேட்டபோது வரவேற்பு இல்லை. அந்தப் பணத்தை வீடு, கப்பல், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் போடுங்கள் என்ற குரல்தான் ஓங்கி ஒலித்தது. 2022-ல் திட்டம் கைவிடப்பட்டது.

கைகொடுக்கும் வழி

ஓரளவு நம்பிக்கை தரும் வழி, உள்ளூரிலேயே நர்ஸ்களை உருவாக்குவது. வெளியிலிருந்து வருபவருக்கு வீடு தேட வேண்டும். தீவில் பிறந்தவருக்கு வீடும் இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பாட்டியும் இருக்கிறார், புயலும் பழக்கம்.

ஸ்காட்லாந்தில் நர்ஸிங் படிப்புக்கு உள்நாட்டு மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டாம். அதோடு, ஆண்டுக்கு 10,000 பவுண்டு உதவித்தொகையும் உண்டு. ஸ்டோர்னவேயிலேயே நர்ஸிங் பட்டப்படிப்பு இருக்கிறது. 2017 முதல் மலைநாடு, தீவுகள் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவர்கள் வேலையை விடாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலம் நான்கு ஆண்டுகளில் நர்ஸ் ஆகலாம். முப்பத்தைந்து வயதில், இரண்டு குழந்தைகளோடு, தீவைவிட்டு நகர முடியாத ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கதவு! அப்படி நர்ஸ் ஆகிறவர், நாளைக்கு வேறு ஊர் தேடிப் போக அவசியமும் குறைவு.

இது உடனே பலன் தராது. மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தீவுகளில் முதியவர்கள் கூடிக்கொண்டே போக, இளைஞர்கள் குறைகிறார்கள் என்பதால் படிக்க வருபவர்களின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே, வெளியிலிருந்து ஆள் எடுப்பதும் தொடரத்தான் வேண்டும்.

நம்மூர் நர்ஸ்கள் கவனத்துக்கு...

அந்த 'வெளியில்' இந்தியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிரிட்டனின் நர்ஸ் பதிவேட்டில் இந்தியாவில் படித்தவர்கள் மட்டும் 60,000 பேருக்கு மேல். கேரளா முன்னணியில் இருந்தாலும், தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் போகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு புதிய நர்ஸின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 31,000 பவுண்டுக்கு மேல். இங்கிலாந்தைவிடச் சற்று அதிகம். நம் மதிப்பில் 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். ஆங்கிலத் தேர்வு, இங்கேயே எழுதும் கணினித் தேர்வு, அங்கே போய்ச் செய்துகாட்டும் செயல்முறைத் தேர்வு என மூன்று படிகள் உண்டு.

தீவில் வேலை என்று அழைப்பு வந்தால் ஏற்கலாமா? அதை முடிவு செய்யும் முன் சம்பளத்தை மட்டும் பார்க்காமல், சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது.

* தங்குமிடம் எத்தனை மாதத்துக்கு? அதன் பிறகு நீண்டகால வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று எழுத்தில் தருவார்களா?

* குடும்பத்தை அழைத்துப் போனால் கணவன் அல்லது மனைவிக்கு அங்கே வேலை வாய்ப்பு உண்டா? பள்ளி, கிரெச் எவ்வளவு தூரம்?

* முதல் சில மாதங்கள் கூட நிற்கும் சீனியர் யார்? கைத்திறன் மறக்காமலிருக்க நகரத்து மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்களா?

* ஊருக்கு வர லீவு எப்படி? கப்பலோ விமானமோ ரத்தானால் அந்த நாள்கள் யார் கணக்கில்?

* டிசம்பரில் ஷெட்லாந்தில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் ஏறக்குறைய 19 மணி நேரம். அந்த இருட்டையும் வெளிச்சத்தையும் உங்கள் மனசு தாங்குமா?

இன்னொன்று. வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்குவதை பிரிட்டன் அரசின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், அங்கேயே உஷாராகிவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

'நர்ஸ் தேவை' என்று ஒரு தீவு விளம்பரம் கொடுக்கும்போது, அது உண்மையில் தேடுவது ஒரு குடும்பத்தை. டியூவர் கமிட்டி நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது இதைத்தான். அதனால்தான் சம்பளத்தோடு வீட்டையும் வண்டியையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. இன்றைய விளம்பரங்களில் சம்பளம் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே 'வீடு தயார்' என்று ஒரு வரியைச் சேர்க்க முடிந்த தீவுக்கு, நர்ஸ் வந்து சேருவார். வந்தவர் தங்கவும் செய்வார்!